ஏரி இருந்த இடத்தில் ஒரு நகரம்

நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மலேசியாவின் தொழிற்சாலைகளில், உணவகங்களில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில் பாதுகாவலர்களாக அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு பழக்கம் இருந்தால், 2015 ஏப்ரல் 25ஆம் தேதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அன்று தாம் எங்கே இருந்தோம், வீட்டுக்கு எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தோம் என்பது பெரும்பாலும் அவருக்கு மறந்திருக்காது.

அன்று நண்பகலுக்குச் சற்று முன்பு, உள்ளூர் நேரம் 11.56க்கு, 7.8 அளவு கொண்ட நிலநடுக்கம் நேபாளத்தை உலுக்கியது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். அரை மில்லியன் வீடுகள் இடிந்தன.

தலைநகர் காட்மாண்டில் அன்று ஒரு விந்தை தெரிந்தது. சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்ற தரகரா கோபுரம் அடிப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு முறிந்து விழுந்தது. உள்ளே இருந்த பலர் உயிரிழந்தனர். ஆனால், அதைச் சுற்றியிருந்த உயரம் குறைந்த கட்டடங்கள் பல நின்றுகொண்டிருந்தன. உயரமானது விழுந்தது, தாழ்வானது பிழைத்தது. ஏன்?

காட்மாண்டு எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்தால் இதற்கு விடை கிடைக்கும். அது நிற்பது ஒரு பழைய ஏரியின் தரையில்! மலை உச்சிகளுக்கு நடுவே ஏரி எப்படி வந்தது, எப்படிப் போனது, போகும்போது எதை விட்டுச் சென்றது என்று பார்ப்போமா?

மஞ்சுஸ்ரீயின் வாள்

காட்மாண்டுப் பள்ளத்தாக்கை வானிலிருந்து பார்த்தால், மலைகளுக்கு நடுவே யாரோ ஒரு பெரிய தட்டை வைத்ததுபோல் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளி. வடக்கே சிவபுரி மலை, தென்கிழக்கே புல்சௌக்கி மலை. இரண்டும் 2,700 மீட்டரைத் தாண்டியவை. தென்மேற்கே சந்திரகிரி. நான்கு புறமும் மலை, நடுவில் தட்டை நிலம்.

நேபாள மக்கள் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாக இருந்ததாம். நடுவில் ஒரு தாமரை ஒளிவிட்டுக் கொண்டிருந்தது. அதை வணங்க வந்த மஞ்சுஸ்ரீ போதிசத்துவர், மக்கள் எளிதில் வந்து வழிபடட்டும் என்று தெற்கே இருந்த குன்றைத் தம் வாளால் வெட்டினார். வெட்டிய இடத்தின் வழியே தண்ணீர் வெளியேறியது. அந்த வெட்டுதான் சோபார் மலையிடுக்கு. தாமரை இருந்த இடத்தில்தான் இன்று சுயம்புநாதர் ஆலயம் இருக்கிறது.

சோபார் இடுக்கை இன்றும் நேரில் பார்க்கலாம். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பாக்மதி ஆறு நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது. வாளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், நிலவியல் ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான்: அங்கே ஏரி இருந்தது, தண்ணீர் தெற்கு நோக்கி வடிந்துபோனது. ஆனால், அவர்களுடைய கதை இன்னும் வெகு காலம் முன்னால் தொடங்குகிறது.

மலைமேல் கடல்

புல்சௌக்கி மலையின் சுண்ணாம்புப் பாறைகளில், கடலில் வாழ்ந்த உயிரினங்களின் எச்சங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று டிரைலோபைட். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன, உடலில் வரிவரியாகப் பட்டைகள் கொண்ட கடல் உயிரி அது. இந்தப் பாறைகளின் வயது 400 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல். கடலடிச் சேறாக இருந்தது, இப்போது 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது.

அதைத் தூக்கியது யார்? இந்தியா.

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை, பல புவித்தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்தியத் தட்டு ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒட்டியிருந்தது. பிறகு பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. ஒரு கட்டத்தில் அது ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் அதிகமாக நகர்ந்திருக்கிறது. புவித்தட்டுகளின் உலகில் இது அசாத்திய வேகம். சுமார் 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவின்மேல் மோதியது.

கடலடித் தட்டு என்றால் கனமாக இருக்கும்; இன்னொன்றின் அடியில் எளிதாக அமிழ்ந்துவிடும். கண்டப் பாறை அப்படி இல்லை. அது இலேசானது, அமிழ மறுக்கும். இரண்டு கண்டங்கள் முட்டிக்கொண்டதால் நடுவில் அகப்பட்ட பாறைகள் நொறுங்கி, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அப்படி எழுந்ததுதான் இமயமலை. மோதல் இன்னும் முடியவில்லை. இந்தியா இன்றும் வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த நெருக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை நேபாளத்து இமயமலை மட்டுமே தாங்குகிறது.

மணலும் அடிக்கோலும்

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை. ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்புங்கள். அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து மணலை ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். அடிக்கோலை ஒட்டி மணல் மேடு கட்டும். இன்னும் தள்ளினால், அந்த மேட்டுக்கு முன்னால் ஒரு புதிய வெடிப்பு விழுந்து, இன்னொரு சிறிய மேடு எழும். மேலும் தள்ளினால், அதற்கும் முன்னால் இன்னொன்று.

இமயமலையும் இப்படித்தான் வளர்ந்தது. அடிக்கோல் இருந்த இடத்தில் ஆசியாவை வைத்துப் பாருங்கள். பாறை உடைந்து, ஒரு பகுதி இன்னொன்றின்மேல் ஏறும் வெடிப்பை உந்துப்பிளவு என்பார்கள். நேபாளத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பெரிய உந்துப்பிளவுகள் ஓடுகின்றன. வடக்கே இருப்பது மூத்தது. 20 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பே உருவானது. நடுவில் இருப்பது ஏறத்தாழ 10 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் உருவானது. தெற்கே, கங்கைச் சமவெளியின் ஓரத்தில் இருப்பதுதான் இளையது. அது இன்றும் வளர்கிறது. கீழே ஆழத்தில் மூன்றும் ஒரே சாய்தளப் பிளவில் போய்ச் சேர்கின்றன. காட்மாண்டுக்கு அடியில் அந்தச் சாய்தளம் 10 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஆற்றை மறித்த மலை

நடுவில் உள்ள பிளவின்மேல் எழுந்ததுதான் மகாபாரத மலைத்தொடர். காட்மாண்டுக்குத் தெற்கே சுவர்போல் நிற்கிறது. அந்த மலை உயர்வதற்கு முன்பே வடக்கிலிருந்து தெற்கே ஆறுகள் ஓடிக்கொண்டிருந்தன. கீழிருந்து மலை எழ எழ, ஆறு அதை அறுக்கப் பார்த்தது. வலிமையான பெரிய ஆறுகள் அந்தப் போட்டியில் வென்று, ஆழமான மலையிடுக்குகளை வெட்டி வெளியேறின. பாக்மதி சிறிய ஆறு. மலை எழுந்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அணை கட்டியதுபோல் தண்ணீர் தேங்கியது. ஏரி பிறந்தது.

ஏறத்தாழ ஒரு மில்லியன் ஆண்டு காலம் அந்த ஏரி, சில நேரம் விரிந்தும் சில நேரம் சுருங்கியும் அங்கே இருந்தது. சுற்றியிருந்த மலைகளிலிருந்து மழைநீர் மணலையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வந்தது. கரையோரத்தில் கூழாங்கல்லும் மணலும் தங்கின. ஏரியின் நடுவில், அசையாத நீரில், மிக நுண்ணிய களிமண் மெல்ல மெல்லப் படிந்தது. இலைகளும் பாசிகளும் அழுகிக் கலந்ததால் அந்தக் களிமண் கறுத்துப்போனது. அதற்குக் ‘காலிமாட்டி’ என்றே பெயர். நேபாள மொழியில் ‘கறுப்பு மண்’ என்று பொருள்.

இப்படித் தாழ்ந்த இடம் ஒன்றில் காலங்காலமாக மணலும் களிமண்ணும் சேர்ந்து நிரம்பினால், அதைப் படிவுப் படுகை என்கிறோம். காட்மாண்டுப் படுகையின் நடுப்பகுதியில் படிவின் தடிப்பு 500 மீட்டரைத் தாண்டுகிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதை அப்படியே உள்ளே இறக்கினால், உச்சி முனைகூட வெளியே தெரியாது!

ஆய்வாளர்கள் அந்தப் படிவில் துளையிட்டு மண்ணைக் குழாய் குழாயாக வெளியே எடுத்திருக்கிறார்கள். அதில் அகப்பட்டிருந்த மகரந்தத் தூளை வைத்து எந்தக் காலத்தில் குளிர் மிகுந்தது, எந்தக் காலத்தில் வெப்பம் மிகுந்தது என்று கணித்தார்கள். பள்ளத்தாக்கின் தெற்கு ஓரத்தில் யானை, நீர்யானை ஆகியவற்றின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன.

சுயம்புநாதர் குன்று, சோபார் குன்று போன்றவை இந்தப் படிவால் ஆனவை அல்ல. அவை அடியில் இருக்கும் பழைய பாறையின் உச்சிகள். மண்ணில் முழுவதும் புதையாமல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏரியில் நீர் நிறைந்திருந்த காலத்தில் அவை தீவுகள்போல் தெரிந்திருக்கலாம். தாமரைக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது ஊகிக்க முடிகிறது அல்லவா?

பாக்மதி தன் வேலையை விடவில்லை. தெற்கே இருந்த தடையை அறுத்துக்கொண்டே இருந்தது. ஏரி படிப்படியாக வடிந்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோனது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

ஏரி தந்த சீதனம்

ஏரி போனது, அதன் மண் தங்கியது. மலைநாட்டில் தட்டையான, வளமான நிலம் கிடைப்பது அரிது. இங்கே நெல் நன்றாக விளைந்தது. களிமண்ணைச் சுட்டுச் செங்கல் செய்தார்கள். சக்கரத்தில் ஏற்றிப் பானை வனைந்தார்கள். பக்தபூர் நகரத்துக் குயவர்கள் இன்றும் அந்த வேலையைச் செய்கிறார்கள். காட்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்று அரச நகரங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் செழித்தன. அவற்றின் அரண்மனைகளும் கோயில்களும் இந்தச் செங்கல்லால் எழுந்தவை. பழைய நேவார் மக்கள் ஊரை மேட்டு நிலத்தில் நெருக்கமாகக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த வளமான நிலத்தைப் பயிருக்கு விட்டார்கள். இப்போது மக்கள்தொகை பெருகி, வயல்களாக இருந்த இடமெல்லாம் வீடுகள்.

மெதுவாக நகரும் பூமி சட்டென்று நகர்ந்தால்

ஆழத்தில் உள்ள சாய்தளப் பிளவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இந்தியா ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் தள்ளினாலும், அந்தப் பிளவு ஆண்டுதோறும் 2 சென்டிமீட்டர் வழுக்குவதில்லை. இரண்டு பாறைகளும் உராய்ந்து பூட்டிக்கொள்கின்றன. அழுத்தம் சேர்ந்துகொண்டே போகிறது. பூட்டு ஒருநாள் உடைகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1833இல் காட்மாண்டுக்கு அருகே ஒரு பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்கும் 2015க்கும் இடையே 182 ஆண்டுகள். 182ஐ 2 சென்டிமீட்டரால் பெருக்கினால் 364 சென்டிமீட்டர். அதாவது மூன்றரை மீட்டருக்கும் அதிகம். 2015இல் அந்தப் பிளவில் பாறைகள் சில மீட்டர் தொலைவுக்கு வழுக்கின. பல தலைமுறைகளாகச் சேமித்த நகர்வு ஒரு நிமிடத்துக்குள் செலவானது. உடைப்பு காட்மாண்டுக்கு வடமேற்கே கோர்க்கா மாவட்டத்தில் தொடங்கி, நொடிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கிழக்கே ஓடி, தலைநகரத்தின் அடியைக் கடந்தது. காட்மாண்டுப் பகுதி தெற்கே நகர்ந்ததோடு, ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலேயும் உயர்ந்தது.

அகர் அகர் சொல்லும் பாடம்

இப்போது கோபுரத்துக்கு வருவோம். அம்மா செய்த அகர் அகர் துண்டு ஒன்றைத் தட்டில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கல்லை வையுங்கள். தட்டை ஒருமுறை சட்டென்று தள்ளி நிறுத்துங்கள். கல் தட்டோடு நகர்ந்து நின்றுவிடும். அகர் அகர் நிற்காது. சிறிது நேரம் ஆடிக்கொண்டே இருக்கும்.

2015 ஏப்ரல் 25 அன்று இதே சோதனை உண்மையிலேயே நடந்தது. நேபாளத்தில் ஆய்வாளர்கள் முன்கூட்டியே துல்லியமான ஜிபிஎஸ் கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். அவை நொடிக்கு ஐந்து முறை தம் இடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தன. ஒரு கருவி பள்ளத்தாக்குக்கு வடக்கே மலைப் பாறையின்மேல் இருந்தது. இன்னொன்று பள்ளத்தாக்கின் உள்ளே, ஏரி மண்ணின்மேல் இருந்தது. பாறையில் இருந்த கருவி ஒரே ஒரு பெரிய உந்தலைப் பதிவு செய்தது. ஏரி மண்ணில் இருந்த கருவி அந்த உந்தலுக்குப் பிறகும் முன்னும் பின்னுமாகப் பலமுறை ஆடியது. ஒரு முறை போய்வர 4 முதல் 5 நொடி. படுகை முழுவதும் ஒரு கிண்ணம் அகர் அகர்போல் ஆடியிருக்கிறது.

ஊஞ்சலில் தங்கையை உட்காரவைத்து ஆட்டியிருப்பீர்கள். ஊஞ்சல் திரும்பி வரும் தருணம் பார்த்துத் தள்ளினால், சிறிய தள்ளலுக்கே உயரப் போகும். தருணம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பயனில்லை. கட்டடங்களுக்கும் ஊஞ்சலைப்போல் தத்தமக்கென ஒரு தாளம் உண்டு. தோராயமாக, ஒரு மாடிக்கு 0.1 நொடி என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். இரண்டு மாடி வீட்டுக்கு 0.2 நொடி, பத்து மாடிக் கட்டடத்துக்கு ஒரு நொடி. அப்படியானால், 4 நொடித் தாளத்தில் ஆடும் தரை தாழ்ந்த வீடுகளை அதிகம் சோதிக்காது. உயரமானவற்றைத்தான் சோதிக்கும்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அன்று பிளவு வழுக்கத் தொடங்கிய விதம் சற்று மென்மையாக இருந்தது. அதனால் சிறிய வீடுகளை உடைக்கக்கூடிய வேகமான அதிர்வுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே எழுந்தன. வேகமான அதிர்வு குறைவு. மெதுவான ஆட்டம் அதிகம். தரகரா கோபுரம் விழுந்து, சுற்றியிருந்த வீடுகள் தப்பியதற்கு இதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 1934இல் ஏறத்தாழ 8 அளவு கொண்ட நிலநடுக்கம் நேபாளத்தையும் பீகாரையும் தாக்கியபோது, காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் வீடுகளும் ஏராளமாக இடிந்தன. அன்றும் தரகரா விழுந்தது.

ஏரி மண் செய்யும் இந்த வேலை காட்மாண்டுக்கு மட்டும் உரியதன்று. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் பூமி அதிர்ந்தது. மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஆனாலும், அங்கே பல்லாயிரம் பேர் வீடிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த நகரமும் வடிந்துபோன ஏரியின்மேல் கட்டப்பட்டது. அதன் மண் சுமார் 2 நொடித் தாளத்தில் ஆடியது. அதிகம் விழுந்தவை 6 முதல் 15 மாடி வரை இருந்த கட்டடங்கள்.

மண் மட்டுமா காரணம்?

இதைப் படித்துவிட்டு, பாறைமேல் வீடு கட்டினால் போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 2015இல் மாண்டவர்களில் மிகப் பலர் காட்மாண்டில் வாழ்ந்தவர்கள் அல்லர். கோர்க்கா, சிந்துபால்சௌக் போன்ற மலை மாவட்டங்களின் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். அங்கே அடியில் கெட்டியான பாறைதான் இருந்தது. ஆனால், வீடுகள் கல்லைச் சேற்றால் பூசி அடுக்கியவை. பிளவு அருகே, சுவரில் கம்பி இல்லை, கற்களைப் பிணைக்க எதுவும் இல்லை. அதிர்ந்ததும் கூரையோடு சரிந்தன.

ஆக, இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? தரைக்கு மேலே எப்படிக் கட்டியிருக்கிறோம்? முதல் கேள்விக்கான விடையை மில்லியன் ஆண்டுகள் எழுதி முடித்துவிட்டன. அதை நாம் படிக்கத்தான் முடியும். இரண்டாவது கேள்விக்கான விடை நம் கையில் இருக்கிறது. நேபாளத்தில் வீடுகளைத் திரும்பக் கட்டியபோது, சுவரைச் சுற்றிக் கிடைமட்டமாகக் கட்டுப்பட்டை வைப்பது, மூலைகளை இறுக்கிப் பிணைப்பது போன்ற எளிய முறைகளைக் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெரிய செலவில்லாத வேலைகள்தான், உயிரைக் காப்பவை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று சுமத்ராவின் பாடாங் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்த சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உயர்ந்த கட்டடங்களில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்தார்கள். தரையில் நடந்து போனவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான அலைகள்தான் அவ்வளவு தூரம் வந்து சேரும். அவற்றோடு தாளம் சேர்வது உயரமான கட்டடங்களே. மென்மையான கடற்களிமண்ணின்மேல் நிற்கும் கட்டடங்களில் ஆட்டம் இன்னும் கூடும். உங்கள் வீடு இருபதாவது மாடியில் இருந்தால், காட்மாண்டின் கதை உங்களுக்கும் கொஞ்சம் உரியது.

நேபாளத்தின் அடியில் கணக்கு மீண்டும் தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் 1505இல் ஏற்பட்ட பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அதற்கு ஈடான ஒன்று நிகழவில்லை. அங்கே சேமிப்பு 500 ஆண்டுகளாக வளர்கிறது. எந்த நாள் என்று எந்தக் கருவியாலும் சொல்ல இயலாது. எங்கே தரை அதிகம் ஆடும், எந்தச் சுவர் நிற்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்ல முடியும்.

வாயிலில் நிற்கும் அந்த அண்ணனிடம் அடுத்த முறை பேசும்போது, “உங்கள் ஊர் மலைமேலா, பள்ளத்தாக்கிலா?” என்று கேளுங்கள். “நிலநடுக்கத்துக்குப் பிறகு வீட்டை எப்படிக் கட்டினீர்கள்?” என்றும் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் இல்லாத பல செய்திகள் அவரிடம் இருக்கும்.